முதியோர் மருந்தும் கைப்பேசியும்

ஒரு கிராமத்தின் முன்னேற்றத்தை அளவிடும்போது சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், தெருவிளக்கு ஆகியவற்றைக் கணக்கில் கொள்கிறோம். அவ்வூரில் வயது முதிர்ந்தோர் எந்நிலையில் வாழ்கின்றனர் என்பதும் அக்கணக்கில் சேர வேண்டும். பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றுவிட, வீட்டையும் மாட்டையும் காத்துக்கொண்டு முதியவர்கள் தனித்திருப்பதை இன்று பல ஊர்களில் காண்கிறோம். இவர்களுள் பலர் இரத்தக் கொதிப்புக்கோ நீரிழிவுக்கோ நாள் தவறாது மாத்திரை உண்ண வேண்டியவர்கள்.

முன்னாளில் மருந்து கிடைப்பதே அரிதாயிருந்தது. இன்று அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இந்நோய்களுக்குரிய மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டு சேர்க்கின்றனர். ஆயினும் வாயிலுக்கு வந்த மாத்திரை வேளை தவறாமல் உண்ணப்படுகிறதா என்பதே கேள்வி. ஏரி நிரம்பியிருந்தும் மடை திறக்க ஆளில்லையெனில் கடைமடை வயல் காய்ந்துதானே போகும்? வசதி மிக்க நாடுகளிற்கூட, நீடித்த நோயுடையோரில் சராசரியாகப் பாதிப் பேரே மருந்தை ஒழுங்காக உண்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. எனவே இது கல்லாமையாலோ வறுமையாலோ மட்டும் விளையும் குறையன்று.

தவறினால் நேரும் தீங்கு

இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலி தருவதில்லை. ஆகையால், "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மாத்திரை எதற்கு?" என்று பலர் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். நிறுத்திய மறுநாள் ஒன்றும் தெரிவதில்லை. அழுத்தமோ உள்ளூர உயர்ந்து, ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படுகிறது. அட்டெனோலால் போன்ற சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவதே இதயத்திற்குத் தீங்கு விளைக்கும். ஒருவர் படுக்கையில் விழுந்தால் அவரைப் பேணுவதற்கு வீட்டில் இன்னொருவர் வேலையை விட வேண்டும். நிலமோ நகையோ அடகுக்குப் போகும். ஆதலால் ஒரு சிறு மாத்திரையின் ஒழுங்கு ஒரு குடும்பத்தின் பொருளாதாரத்தையும் காக்கிறது எனலாம்.

காரணம் அறிதல் முதற்படி

பயிர் வாடினால் உடனே உரம் இடுவதில்லை. நீர்க் குறைவா, பூச்சியா, வேரழுகலா என்று பார்க்கிறோம். மருந்து தவறுவதிலும் அவ்வாறே காரணத்தை ஆராய வேண்டும். காரணங்களை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, மறதி. இரண்டாவது, குழப்பம்: ஐந்தாறு வகை மாத்திரைகள், எது காலைக்கு, எது இரவுக்கு, எது உணவுக்கு முன் என்பது விளங்குவதில்லை. முன் மாதம் வந்த மாத்திரையின் நிறமும் உருவமும் இம்மாதம் மாறியிருந்தால், இரண்டும் ஒரே மருந்து என்று அறியாமல் இரண்டையும் உண்போரும் உண்டு. மூன்றாவது, மருந்து தீர்ந்துபோதல். நான்காவது, மனமின்மை: மயக்கம், வயிற்றுக் கோளாறு, கால் வீக்கம் போன்றவை தோன்றியதால் அஞ்சி நிறுத்துவதும், நாட்டு மருந்தையோ அண்டை வீட்டார் சொல்லையோ நம்பி நிறுத்துவதும் இதில் அடங்கும்.

இவற்றுள் மறதிக்குக் கைப்பேசி நல்ல மருந்து. குழப்பத்திற்கும் தீர்ந்துபோதலுக்கும் ஓரளவு உதவும். மனமின்மைக்கு மனிதரே வேண்டும். அங்கே மணி அடிப்பதால் பயனில்லை. இவ்வேறுபாட்டை உணராமல் கருவி வாங்குவது வீண் செலவாகும்.

கைப்பேசியைப் பயன்படுத்தும் முறைகள்

1. அலாரம்: சாதாரண பட்டன் போனிலும் அலாரம் உண்டு. நாள்தோறும் அடிக்குமாறு ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். நேரத்தை நம் விருப்பப்படி வைக்கலாகாது. விடியுமுன் வயலுக்குச் சென்று, ஒன்பது மணிக்கு மேல் திரும்பி உண்பவருக்கு ஏழு மணி அலாரத்தால் பயனில்லை. பால் ஊற்றி வந்தபின், காலை உணவு முடிந்தபின் என அவருடைய அன்றாட வேலை ஒன்றோடு பொருத்த வேண்டும்.

2. பழகிய குரல்: டச் போனில் அலார ஒலிக்குப் பதிலாகப் பேரப்பிள்ளையின் குரலைப் பதிந்து வைக்கலாம். "பாட்டி, சாப்பிட்டாயா? காலை மாத்திரையைப் போட்டுக்கொள்" என்ற சொல், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். மாத்திரையின் நிறத்தை மட்டும் குரலில் சொல்ல வேண்டாம், நிறம் மாறக்கூடும். அட்டையின்மீது காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் அழியாத மையினால் வரைந்து வைப்பது நலம்.

3. மிஸ்டு கால்: மாத்திரை உண்டதும் வெளியூரிலுள்ள மகனுக்கோ மகளுக்கோ ஒரு மிஸ்டு கால் கொடுப்பது செலவற்ற முறை. குறித்த நேரத்தில் அழைப்பு வராவிடில் அவர் உடனே பேசி விசாரிக்கலாம். வாரம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் காணொளி அழைப்புச் செய்து, மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லி மீதியை எண்ணினால் உண்மை தெரிந்துவிடும்.

4. படம்: மருத்துவரின் சீட்டையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்திருப்பின், வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தாலும் அங்குள்ள மருத்துவருக்கு அது வழிகாட்டும்.

5. செயலிகளும் மின்னணுப் பெட்டிகளும்: நினைவூட்டும் செயலிகளும், திறந்த நேரத்தைப் பதிவு செய்யும் மாத்திரைப் பெட்டிகளும் இன்று உள்ளன. வீட்டில் இவற்றைக் கையாளத் தெரிந்தவர் இருப்பின் பயன்படுத்தலாம். இல்லையெனில் முதல் நான்குமே போதுமானவை.

சென்னை கற்பித்த பாடம்

வீட்டிலிருந்தே மருந்து உண்ணச் செய்வதில் நம் மாநிலத்திற்குப் பழைய அனுபவம் உண்டு. 1956-ஆம் ஆண்டு சென்னையில் நிறுவப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையத்தில், நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு மருத்துவ விடுதியிலும் மற்றப் பகுதியினருக்கு அவரவர் வீட்டிலும் சிகிச்சை அளித்துப் பார்த்தனர். வீட்டிலிருந்து மருந்து உண்டவர்களும் விடுதியில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ நிகராகக் குணமடைந்தனர் என்பது 1959-இல் வெளியிடப்பட்டது. காசநோய்ச் சிகிச்சை முறையை உலகெங்கும் அது மாற்றியது. ஆனால் ஆய்வாளர்கள் மருந்தைக் கொடுத்துவிட்டு வாளா இருக்கவில்லை. முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மீதி மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர்.

அண்மைக் காலத்தில் நம் நாட்டுக் காசநோய்த் திட்டத்தில் '99டாட்ஸ்' என்னும் முறை கையாளப்பட்டது. அட்டையிலிருந்து மாத்திரையை வெளியே தள்ளினால் அதன் பின்னே ஒரு தொலைபேசி எண் தெரியும். அதற்கு அழைப்புக் கொடுத்தால் அன்றைய மருந்து உண்டதாகப் பதிவாகும். சிறுநீர்ச் சோதனையோடு ஒப்பிட்டபோது, அழைத்தவர்களுள் மருந்து உண்ணாதவரும், மருந்து உண்டும் அழைக்காதவரும் இருந்தனர். அழைப்பு வந்ததாலேயே மாத்திரை உண்டாயிற்று என்று கொள்ளலாகாது. கருவி நமக்குச் செய்தி சொல்லும்; செய்தியைக் கேட்டு வீட்டுப்படி ஏறிச் சென்று விசாரிக்கும் மனிதர் இருந்தால்தான் அது பயன்தரும். முதியோர் மருந்துக்கும் இது முற்றும் பொருந்தும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

விட்டுப்போன மாத்திரைக்கு ஈடாக மறுவேளை இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து உண்ணக் கூடாது. ஐயமிருப்பின் கிராம சுகாதாரச் செவிலியரையோ, 104 என்னும் மருத்துவ உதவி எண்ணையோ கேட்க வேண்டும்.

சில நீரிழிவு மாத்திரைகளையும் இன்சுலினையும் எடுத்துக்கொண்டு உணவு உண்ணாமலிருந்தால் சர்க்கரை அளவு தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் உண்டாகும். நினைவோடிருப்பவருக்கு உடனே சர்க்கரை கரைத்த நீர் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். ஆகவே அலாரம் அடித்தவுடன் முதலில் உணவைப் பற்றிக் கேட்பதே முறை. விரதம் இருப்போர் முன்னதாக மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

காது மந்தமானவருக்கு ஒலியோடு அதிர்வும் தேவை. கைப்பேசிக்கு இரவுதோறும் சார்ஜ் ஏற்றுவதைப் பழக்கமாக்க வேண்டும். மருந்தின் பெயரைச் சொல்லி வங்கி விவரமோ ஓ.டி.பி. எண்ணோ கேட்பவர் எவராயினும் அவர் ஏமாற்றுக்காரர் என்பதை முதியோருக்கு எடுத்துரைக்க வேண்டும். ஒருவருடைய நோய் விவரம் ஊர்ப்பேச்சாகாமல் காப்பதும் உதவி செய்பவரின் கடமையாகும்.

ஊராட்சி செய்யக்கூடியவை

இதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. வார்டு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வார்டில் தனித்து வாழும் முதியோர் யார் என்பதை அறிந்து, சுகாதாரத் தன்னார்வலரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் தெரிவிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஊராட்சி அலுவலகத்திலோ நூலகத்திலோ முதியோரைக் கூட்டி, மேல்நிலைப்பள்ளி மாணவர்களைக் கொண்டு அவர்களுடைய கைப்பேசிகளில் அலாரம் அமைத்துத் தரலாம். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்பதைச் செவிலியர் சரிபார்த்த பின்னரே இதனைச் செய்ய வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர் ஒருவர், தம் தெருவிலுள்ள இரண்டு மூன்று முதியோரை வாரம் ஒருமுறை பார்த்து, மீதி மாத்திரையை எண்ணி, ஏழு நாளைக்குக் குறைவாக இருந்தால் தன்னார்வலருக்குச் செய்தி அனுப்பலாம். மருந்தை வேண்டாமென்று மறுப்பவரைக் கடிந்துகொள்ளாமல், காரணத்தைக் கேட்டறிந்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பல வேளைகளில் மாத்திரையை மாற்றிக் கொடுத்தாலே தடை நீங்கிவிடும்.

நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் குடிநீரையும் சாலையையும் பற்றிப் பேசியபின், நம் ஊரில் தனித்திருக்கும் முதியோருள் எத்தனை பேரை வாரந்தோறும் ஒருவர் சென்று பார்க்கிறார் என்ற கேள்வியையும் எழுப்புமாறு ஊராட்சி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வேளாண் பெருமக்களும் இன்று மாலையே தத்தம் வீட்டுப் பெரியவரின் மாத்திரை அட்டையை ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்களாக.