சிவப்பு கடைசியில் வரட்டும்: ரெட் வெல்வெட் குக்கீ, செய்ய வேண்டியவையும் கூடாதவையும்

ரெட் வெல்வெட் குக்கீயைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் என்ன தெரியும்? கொஞ்சமே கொஞ்சம் கோகோ, அடியில் ஒரு மெல்லிய புளிப்பு, வாய் நிறைய வெண்ணெய், வெனிலா மணம். சிவப்புக்கு இதில் பங்கே இல்லை. ஆனால் வீட்டில் முதன்முதலாகச் செய்கிறவர்கள் கலர் புட்டியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். படத்தில் பார்த்த ரத்தச் சிவப்பு வரவேண்டும் என்று ஊற்றிக்கொண்டே போவார்கள். குக்கீ கசக்கும், பரந்து ஓடும், தின்றவர் நாக்கு ஒரு நாள் முழுக்கச் சிவந்திருக்கும்.

இதன் பிறப்பிடம் அமெரிக்கச் சமையலறை. 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே மிருதுவான கேக்குகளை 'வெல்வெட்' என்று சொல்வது வழக்கம். சாதாரண கோகோவில் ஆந்தோசயனின் என்ற நிறமி கொஞ்சம் உண்டு. புளிப்பு சேர்ந்தால் அது சற்றுச் செம்மை காட்டும். அப்படி வந்தது செங்கல்லுக்கும் பழுப்புக்கும் நடுவில் ஒரு நிறம், அவ்வளவுதான். பிறகு, கடந்த நூற்றாண்டில், டெக்ஸாஸ் மாநிலத்து ஆடம்ஸ் எக்ஸ்ட்ராக்ட் நிறுவனம் தன் சிவப்புக் கலர் புட்டியை விற்பதற்காக ரெட் வெல்வெட் செய்முறையை அச்சடித்துப் பரப்பியது. இன்று நாம் பார்க்கும் பளீர் சிவப்புக்கு அந்த வியாபாரத்தில் பெரிய பங்குண்டு. கேக்கின் வழியில் குக்கீயும் வந்து சேர்ந்தது.

சுமார் 16 குக்கீகளுக்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவு இது: உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், பிரவுன் சுகர் 100 கிராம், வெள்ளைச் சர்க்கரை 60 கிராம், முட்டை 1, மைதா 190 கிராம், கோகோ பவுடர் 15 கிராம், சமையல் சோடா அரை டீஸ்பூன், வெள்ளை வினிகர் 1 டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன், கால் டீஸ்பூன் உப்பு, நறுக்கிய ஒயிட் சாக்லேட் 120 கிராம். கலர் எவ்வளவு என்பதைக் கீழே தனியாகப் பேச வேண்டும்.

வாங்கும்போதும் அளக்கும்போதும்

செய்யுங்கள்: ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். மைதாவைக் கப்பால் அள்ளினால் ஒருவர் கையில் 120 கிராம் வரும், அழுத்தி அள்ளுகிறவர் கையில் 150 கிராம் தாண்டும். அந்த 30 கிராமில்தான் மென்மையான குக்கீ கல் பிஸ்கட்டாக மாறுகிறது.

செய்யுங்கள்: கோகோ டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். 'டச் பிராசஸ்' என்றோ 'ஆல்கலைஸ்டு' என்றோ இருந்தால், காரம் சேர்த்துப் புளிப்பை நீக்கிய கோகோ அது. பிரவுனிக்கு அருமையாக இருக்கும். இங்கே வேண்டாம். கருத்த பழுப்பு ஏறிவிடும், எவ்வளவு கலர் போட்டாலும் சாணி நிறம்தான் மிஞ்சும். இனிப்புக் கலக்காத, காரம் சேராத சாதாரண கோகோ, பார்க்கக் கொஞ்சம் வெளிறியிருப்பது, அதுதான் வேண்டும்.

கூடாது: பாலில் கலக்கும் சாக்லேட் பானப் பொடியைக் கோகோவுக்குப் பதில் போடாதீர்கள். அதில் பெரும்பகுதி சர்க்கரை.

கூடாது: வெண்ணெய்க்குப் பதில் அதே அளவு நெய் ஊற்றாதீர்கள். வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர் இருக்கிறது, நெய்யில் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு. வாயில் உதிரும் நெய் பிஸ்கட் கிடைக்கும். நல்ல பண்டம்தான், ஆனால் நீங்கள் செய்ய வந்தது வேறு. உப்பு வெண்ணெய்தான் வீட்டில் இருக்கிறதென்றால் தாராளமாகப் போடுங்கள், தனி உப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

பிரவுன் சுகர் கிடைக்காவிட்டால் நாட்டுச் சர்க்கரை போடலாம். சலித்துவிட்டுப் போடுங்கள், கட்டியும் தூசும் இருக்கும். நிறம் ஒரு படி இறங்கும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். கருப்பட்டி வேண்டாம். அதன் மணம் தனி ராஜ்யம், பக்கத்தில் வேறு எதையும் வாழவிடாது.

அமெரிக்கச் செய்முறைகளில் 'பட்டர்மில்க்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து நம்மூர் நீர்மோரை ஊற்றுகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். அது புளிக்கவைத்த கெட்டியான பால், நம் மோரில் முக்கால்வாசி தண்ணீர். அந்த இடத்தில் ஒரு ஸ்பூன் கெட்டித் தயிர் போதும். மேலே சொன்ன அளவில் வினிகர் இருப்பதால் அதுகூடத் தேவையில்லை.

கலர் விஷயம்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

முதல் கூடாது: சந்தையில் சில்லறையாகப் பொட்டலம் கட்டித் தரும் பெயரில்லாத சிவப்புப் பொடியைத் தொடாதீர்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கும். ரோடமின்-பி என்ற துணிச் சாயம் அதில் இருந்ததுதான் காரணம். இந்தியாவில் உணவுக்கு அனுமதித்த செயற்கைச் சிவப்புகள் மூன்றே: பான்சோ 4ஆர், கார்மோய்சின், எரித்ரோசின். புட்டியில் இவற்றில் ஒன்றின் பெயரும் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணும் இருக்கவேண்டும். இல்லையென்றால் கடையிலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது: அனுமதித்த கலர் என்பதற்காக அள்ளிக் கொட்டாதீர்கள். பிஸ்கட், கேக் வகைகளில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் சாயம்வரைதான் சட்டம் இடம் கொடுக்கிறது. மேலே சொன்ன அளவில் பிசைந்தால் மாவு ஏறக்குறைய 650 கிராம் வரும். அதற்கு 65 மில்லிகிராம் சாயம். தூய சாயமாக இருந்தால் ஒரு சிட்டிகைக்கும் குறைவு! கடையில் விற்கும் ஜெல்லும் பொடியும் வேறு பொருள்கள் கலந்தவை என்பதால் அதைவிடக் கூடுதலாகப் போடலாம். ஆனால் 'ஒரு டேபிள்ஸ்பூன் கலர்' என்று வீடியோவில் யாராவது சொன்னால் அந்த வீடியோவை மூடிவிடலாம். புட்டியில் சாய அளவு எத்தனை சதவீதம் என்று போட்டிருந்தால் அதைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

குழந்தைகளுக்காகச் செய்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம். கார்மோய்சின், பான்சோ 4ஆர் உட்பட 6 செயற்கைக் கலர்கள் சேர்ந்த உணவுகளில், குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை வாசகத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. அமெரிக்கா தன் 'ரெட் நம்பர் 2' சாயத்தை 1976லேயே தடை செய்தது. பயந்து ஓட வேண்டியதில்லை. பிறந்தநாளுக்கு ஒரு குக்கீ வேறு, வாரா வாரம் டப்பா நிறைய என்பது வேறு.

செய்ய வேண்டியது: ஜெல் கலரே வாங்குங்கள். தண்ணீராக இருக்கும் கலரில் நிறம் ஏற நிறைய ஊற்ற வேண்டும், அந்த ஈரத்தில் மாவு தளர்ந்துவிடும். கலரை முட்டையோடும் வெனிலாவோடும் வினிகரோடும் முதலிலேயே கலந்துவிடுங்கள். மைதா போட்ட பிறகு 'இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்' என்று கலர் விட்டுப் பிசைந்தால் குக்கீ இறுகிப்போகும்.

பீட்ரூட்? எல்லோரும் கேட்பது. அதன் நிறமி சூட்டுக்கும் சமையல் சோடாவுக்கும் தாங்காது. பிசையும்போது ரோஜா நிறம் காட்டும், ஓவனிலிருந்து வெளியே வரும்போது மண் நிறமாகியிருக்கும். காயவைத்த பீட்ரூட் பொடியை எலுமிச்சைச் சாறில் குழைத்து, சோடாவையும் பாதியாகக் குறைத்தால் ஓரளவு தங்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

என் கட்சி எதுவென்று கேட்டால், மருதாணி வைத்த மறுநாள் விரல் நிறம் போதும் என்பேன். அதற்கு மேல் சிவந்தால் அது விளம்பரத்துக்கு.

பிசையும்போது

செய்முறைப் புத்தகங்களில் 'வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்' என்று எழுதியிருக்கும். அது குளிர்நாட்டு அறை, சுமார் 20 டிகிரி. சென்னையில் மே மாதச் சமையலறை அதைவிட 15 டிகிரி கூடுதல், வெண்ணெய் உருகுவதே 32 முதல் 35 டிகிரிக்குள். ஆகவே ஒரு மணி நேரம் வெளியே வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, துண்டு போட்டு, விரலால் அழுத்தினால் குழி விழவேண்டும், விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டக்கூடாது. கோடையில் இதற்குப் பத்துப் பதினைந்து நிமிடமே அதிகம்.

வெண்ணெயையும் சர்க்கரைகளையும் இரண்டு மூன்று நிமிடம் அடித்தால் போதும். கேக்குக்குப் போல வெளுத்துப் பொங்கும்வரை அடித்தால் குக்கீ ஓவனில் உப்பி, வெளியே வந்ததும் அமுங்கும். மைதா, கோகோ, சோடா, உப்பு நான்கையும் சேர்த்துச் சலித்துப் போட்டு, வெள்ளை மாவு கண்ணில் படாத நிலை வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். சோடாவைக் கூட்டாதீர்கள். சோப்பு வாடை வரும், காரம் ஏறி நிறமும் பழுப்பாகும்.

முட்டை சாப்பிடாத வீடென்றால், வடிகட்டிய கெட்டித் தயிர் 3 டேபிள்ஸ்பூன் சேர்த்து வினிகரை விட்டுவிடுங்கள். குக்கீ சற்றுக் கேக் போல மெத்தென்று இருக்கும்.

மாவை வழித்து நக்காதீர்கள். பச்சை முட்டை மட்டுமல்ல, பச்சை மைதாவும் அப்படியே சாப்பிடுவதற்கான பொருளல்ல. மரக்கரண்டியும் வெள்ளை பிளாஸ்டிக் கிண்ணமும் வேண்டாம், கலர் பிடித்தால் போகாது. எவர்சில்வர் பாத்திரம்தான் இதற்குத் தோழன்.

ஒயிட் சாக்லேட் பற்றி ஒரு சொல். கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் 'காம்பவுண்ட்', கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு. நாக்கில் மெழுகாக நிற்கும். கையில் காசிருந்தால் கோகோ வெண்ணெய் உள்ளதை வாங்குங்கள். பாதியை மாவில் கலந்து, மீதியைக் குக்கீ வெளியே வந்தவுடன் மேலே செருகுங்கள். முதலிலேயே மேலே பதித்தால் அதிலுள்ள பாலும் சர்க்கரையும் ஓவன் சூட்டில் பழுப்பேறிவிடும்.

ஃப்ரிட்ஜில் வைக்காமல் பேக் செய்யாதீர்கள். நம் வெயிலில் இதற்கு விலக்கே கிடையாது. 40 கிராம் உருண்டைகளாக உருட்டிக் குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க.

ஓவனில்

முன்சூடு 175 டிகிரி, 15 நிமிடம். ஓடிஜி என்றால் மேல் கீழ் இரண்டு கம்பிகளும் எரியவேண்டும், டிரே நடுத்தட்டில். விசிறி ஓடும் கன்வெக்ஷன் மைக்ரோவேவில் 160 போதும். ஓடிஜியின் திருகில் எழுதியிருக்கும் டிகிரியை நம்பவேண்டாம். உள்ளே வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று இருந்தால் பாதித் தலைவலி தீரும். குக்கரில் மணல் பரப்பியும் செய்கிறார்கள். கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, ஒரு தடவைக்கு மூன்று நான்கு வைக்கலாம். ஆனால் மேல்சூடு கிடையாது, அடி சீக்கிரம் கருகும்.

முழு டிரேயையும் உள்ளே தள்ளுவதற்கு முன் ஒரே ஒரு உருண்டையை மட்டும் வைத்துப் பாருங்கள். ஓடிப் பரந்தால் மாவு இன்னும் குளிரவேண்டும், அல்லது இரண்டு ஸ்பூன் மைதா குறைகிறது. உருண்டையாகவே நின்றால் மற்றவற்றைக் கையால் லேசாகத் தட்டி வையுங்கள்.

இந்தக் குக்கீயில் ஆள் ஏமாறுவது கடைசி இரண்டு நிமிடத்தில்தான். சாதாரண குக்கீ வெந்ததை ஓரம் பொன்னிறமாவதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இங்கே சிவப்பு அதை மறைத்துவிடும். நிறத்துக்குக் காத்திருந்தால் காய்ந்துபோகும், சிவப்பும் பழுப்பாகும். 10 முதல் 12 நிமிடத்துக்குள், ஓரம் இறுகி, மேற்பரப்பின் பளபளப்புப் போய், நடுவில் மட்டும் வேகாதது போலத் தளதளவென்று இருக்கும்போதே எடுங்கள். உடனே தட்டுக்கு மாற்றாதீர்கள், உடையும். டிரேயின் சூட்டில் 5 நிமிடம் இருந்தால் நடுப்பகுதி தானாகவே அமையும்.

மேலே வெடிப்பு விழுந்து வெள்ளை பூத்த மாதிரி வேண்டுமானால் ஒயிட் சாக்லேட்டை விட்டுவிட்டு, உருண்டையை முதலில் சாதாரணச் சர்க்கரையிலும் பிறகு ஐசிங் சுகரிலும் தடிமனாகப் புரட்டுங்கள். நேராக ஐசிங் சுகரில் புரட்டினால் மாவின் ஈரம் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

வைத்திருக்க

முழுக்க ஆறாமல் டப்பாவில் அடைக்காதீர்கள், நீராவியில் நமுத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் நான்கைந்து நாள் வெளியே இருக்கும். உள்ளே கிரீம் சீஸ் வைத்துச் செய்தவற்றுக்கு இது பொருந்தாது. அவை ஃப்ரிட்ஜில்தான் இருக்கவேண்டும். வெளியே இரண்டு மணி நேரம், கடும் வெயிலில் ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். கூரியரில் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பேக் செய்ய வேண்டும் என்றும் இல்லை. உருண்டைகளைத் தட்டில் தனித்தனியாக உறையவைத்துப் பிறகு பையில் போட்டால் ஃப்ரீசரில் இரண்டு மாதம் தாங்கும். நீண்ட மின்வெட்டில் இளகிப்போனால் மறுபடி உறையவைக்காமல் அன்றே பேக் செய்துவிடுங்கள். மற்றபடி விருந்தாளி வந்தபின் நான்கை எடுத்து, உருகவிடாமல் அப்படியே டிரேயில் வைக்கலாம். வழக்கத்தைவிட ஒன்றிரண்டு நிமிடம் கூட எடுக்கும்.