ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்

குன்னூர் அருகே தேயிலைத் தோட்டப் பள்ளியொன்றில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை நான். சென்ற ஆண்டு ஒரு மாணவி வாய்விட்டுப் படிக்க மறுத்தாள். பிடிவாதம் என்று கடிந்துகொண்டேன். மதிய உணவை ஒரு பக்கமாகவே மெல்வதைக் கண்ட பிறகுதான் வாயைத் திறக்கச் சொன்னேன். கீழ்க் கடைவாய்ப் பல்லில் கறுத்த குழி.

“பால்பல்தானே டீச்சர், விழுந்துடும்” என்றார் அம்மா. இல்லை. ஆறு வயதளவில், பால்பற்களின் வரிசைக்குப் பின்னால் புதிதாக முளைக்கும் அந்தப் பல் நிரந்தரமானது. போனால் மீண்டும் முளைக்காது.

பெற்றோர் விடியலில் கொழுந்து பறிக்கக் கிளம்புவதால், எங்கள் பிள்ளைகள் பலருக்குச் சர்க்கரைத் தேநீரும் வர்க்கியும்தான் காலை உணவு. பல்லில் ஒட்டிய சர்க்கரையையும் மாவையும் கிருமிகள் அமிலமாக்குகின்றன. அமிலம் எனாமலைக் கரைக்கிறது. முதல் அறிகுறி, ஈறோரம் சுண்ணாம்பு நிறத் திட்டு. அப்போதே ஃபுளூரைடு பூசினால் சிதைவைத் தடுத்துவிடலாம். குழி விழுந்தால் அடைக்க வேண்டும். சொத்தை வேர்வரை பரவினால் வேர்ச் சிகிச்சை அல்லது பல்லை எடுப்பதுதான் வழி.

ஆசிரியர்களே, மாதம் ஒருமுறை சன்னல் வெளிச்சத்தில், வாயைத் தொடாமல் பாருங்கள். ஐயமுள்ளோர் பட்டியலை ஆர்.பி.எஸ்.கே. நடமாடும் மருத்துவக் குழுவிடம் கொடுங்கள். 2013இல் தொடங்கிய இத்திட்டத்தில் பல் நோய்களும் அடங்கும். கன்னம் வீங்கியிருந்தால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இரவில் படுக்குமுன் பட்டாணியளவு ஃபுளூரைடு பற்பசையால் துலக்கவேண்டும் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள்.

அவளுக்குப் பல் அடைத்தாயிற்று. கடிந்ததற்கு வருத்தம் தெரிவித்தேன். இப்போது உரக்கப் படிக்கிறாள்.