தர்பூசணி காய்க்கத் தேனீ தேவை

திண்டிவனம், மரக்காணம் பகுதிகளில் தர்பூசணி பயிரிடும் விவசாயிகளே! இக்கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே மலர்கின்றன. மகரந்தம் பிசுபிசுப்பானது; காற்றில் பரவாது. தேனீக்களே அதைப் பெண் பூவுக்குக் கொண்டு சேர்க்கின்றன. காலையில் விரியும் பூ பிற்பகலில் மூடிவிடும், மறுநாள் விரியாது. போதிய மகரந்தம் சேராவிடில் பிஞ்சு உதிரும் அல்லது காய் கோணலாகும்.

1991-92இல் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. நோய் கண்ட புழுக்கள் நீர் நிறைந்த பை போலாகி மடியும். இதைக் குணப்படுத்த மருந்தில்லை.

நோய்க்குத் தப்பிய தேனீயை நம் தெளிப்பானால் கொல்லலாகாது. பூக்கும் பருவத்தில் காலையில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். அவசியமானால், தேனீக்கள் கூடு திரும்பிய பின் மாலையில் தெளிக்கவும். அருகில் தேனீப்பெட்டி வைத்திருப்பவருக்கு முன்னதாகவே தெரிவிக்கவும்.