பெயரை மாற்றும் முன்

ஒரே வகுப்பில் கவிதா என்னும் பெயரில் இரு மாணவிகள் இருந்தால் ஆசிரியர் என்ன செய்வார்? தந்தை பெயரின் முன்னெழுத்தைச் சேர்த்து, 'மு. கவிதா', 'இரா. கவிதா' என்று அழைப்பார். பெயருக்கு முன்னே நிற்கும் அச்சிறு அடையாளம் குழப்பத்தைத் தீர்த்துவிடும். கணினி உலகிலும் இத்தகைய முறை ஒன்று உள்ளது.

ஒரு பள்ளியின் தமிழ்மொழிக் கழகம் இணையத்தளம் ஒன்றை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். மாணவர்கள் எழுதிய கவிதைகளும் கட்டுரைகளும் அதன் தரவுத்தளத்தில் சேமிக்கப்படும். அத்தரவுத்தளம் சேவையகம் எனப்படும் கணினியில் இருக்கும். அடுக்குமாடிக் கட்டடத்தில் பல குடும்பங்கள் வாழ்வதைப் போல, ஒரே சேவையகத்தைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வதுண்டு. ஒவ்வொருவரும் தம் பகுதியைக் கட்டுப்பாட்டுப் பலகை என்ற மென்பொருள்வழி நிருவகிப்பர். சிபேனல் அத்தகைய மென்பொருள்களுள் ஒன்று.

தரவுத்தளங்களைக் கையாளப் பரவலாகப் பயன்படும் மென்பொருள் மைஎஸ்கியூஎல் ஆகும். 1995ஆம் ஆண்டில் உருவான இம்மென்பொருளுக்கு, அதனை உருவாக்கியவர்களுள் ஒருவரான மைக்கேல் வைடனியஸ் தம் மகளின் பெயரைச் சூட்டினார். இதில் ஒரே பெயருடைய இரு தரவுத்தளங்கள் இருக்க முடியாது. எனவே, சிபேனல் ஒவ்வொரு தரவுத்தளப் பெயருக்கு முன்னும் வாடிக்கையாளரின் கணக்குப் பெயரையும் ஓர் அடிக்கோட்டையும் சேர்க்கிறது. கணக்கின் பெயர் 'கழகம்' என்றால், நாம் 'நூலகம்' என்று பெயரிடும் தரவுத்தளம் 'கழகம்_நூலகம்' என்றாகிவிடும். இச்சேர்க்கையே முன்னொட்டு. முன்னொட்டையும் சேர்த்துப் பெயர் 64 எழுத்துகளைத் தாண்டக் கூடாது.

சேவையக நிருவாகி விரும்பினால் முன்னொட்டுக் கட்டாயத்தை நீக்கலாம். அவ்வாறு நீக்கினால் பெயர் சுருக்கமாக அமையும். ஆனால், ஒருவர் 'நூலகம்' என்ற பெயரை எடுத்துக்கொண்டால் மற்றவருக்கு அது கிடைக்காது. கணக்கை வேறொரு சேவையகத்திற்கு மாற்றும்போது, அங்கும் அதே பெயர் இருந்தால் சிக்கல் எழும். மேலும், இம்மாற்றம் புதிதாக உருவாக்கும் தரவுத்தளங்களுக்கே பொருந்தும். பழைய பெயர்கள் தாமாக மாறிவிடா.

வாடிக்கையாளர் தம் தரவுத்தளத்தின் பெயரைக் கட்டுப்பாட்டுப் பலகையிலேயே மாற்றிக்கொள்ளலாம். பார்ப்பதற்கு இது நொடிப்பொழுது வேலையாகத் தோன்றும். உண்மை வேறு. தரவுத்தளத்தின் பெயரை நேரடியாக மாற்றும் கட்டளை மைஎஸ்கியூஎல்லில் இல்லை. முன்பு சேர்க்கப்பட்ட அத்தகைய கட்டளை ஒன்று, தரவுகளுக்கு ஆபத்து விளைவிக்கும் என்று அறியப்பட்டதால் நீக்கப்பட்டது. ஆகவே, சிபேனல் புதிய பெயரில் ஒரு தரவுத்தளத்தை உருவாக்கி, பழையதில் உள்ளவற்றை அதற்கு நகர்த்தி, பின்னர்ப் பழையதை நீக்குகிறது. இடையில் தடை ஏற்பட்டால் தரவுகள் சேதமடையக்கூடும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. தரவுத்தளத்தின் பெயர் இணையத்தளத்தின் அமைப்புக் கோப்பிலும் எழுதப்பட்டிருக்கும். தரவுத்தளத்தில் மட்டும் பெயரை மாற்றினால், இணையத்தளம் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். இலக்கிய விழாவுக்கு முதல் நாள் இரவு, கழகச் செயலாளர் பெயரை அழகாக்க எண்ணி மாற்றிவிட்டார் என்று கொள்வோம். மறுநாள் திரையில் கவிதைகளுக்குப் பதிலாகப் பிழைச் செய்தியே தோன்றும். கவிதைகள் அழிந்துவிட்டன என்று அஞ்சி, அவர் தரவுத்தளத்தை நீக்கிப் புதிதாகத் தொடங்கினால் என்னவாகும்? அதுவரை பத்திரமாக இருந்த படைப்புகள் அப்போதுதான் உண்மையிலேயே அழியும். அமைப்புக் கோப்பில் ஒரு சொல்லைத் திருத்தியிருந்தாலே போதுமே!

எனவே, பெயரை மாற்றும் முன் தரவுகளுக்கு நகல் எடுக்க வேண்டும். அந்தப் பெயர் எங்கெல்லாம் எழுதப்பட்டுள்ளது என்று பட்டியலிட வேண்டும். மாற்றியபின் அனைத்து இடங்களிலும் திருத்தி, இணையத்தளம் சரியாக இயங்குவதை உறுதி செய்த பிறகும் நகலைச் சில காலம் வைத்திருப்பது நல்லது.

தம் பெயரை மாற்றிக்கொள்ளும் ஒருவர் அடையாள அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் பள்ளிப் பதிவேட்டிலும் அதனைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஏனெனில், ஒரு பெயர் அதனை உடையவருக்கு மட்டும் உரியதன்று. அப்பெயரால் அவரைத் தேடி வருவோர் அனைவருக்கும் உரியது. தரவுத்தளத்தின் பெயரும் அப்படித்தான்.