வேர் எந்தப் பக்கம் போகிறது?

திருவானைக்காவலில் வறட்சியைப் பற்றிப் பாடம் நடத்துவது கொஞ்சம் விசித்திரம்தான். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். ஊர்க் கோயிலும் நீர்த்தலம். ஆனால் என் எட்டாம் வகுப்பில் சுற்றுக் கிராமங்களின் சிறு விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்குமா என்பது அவர்கள் வீட்டுக் கவலை. 2016இல் செப்டம்பர் 20ஆம் தேதிதான் திறந்தது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது.

"வறட்சியைத் தாங்குற நெல்லுன்னா தண்ணியே வேணாமா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாடத்தை இந்தக் கேள்வியில் இருந்தே தொடங்கலாம். தண்ணீர் வேண்டும், இடையில் சில நாள் கிடைக்காவிட்டாலும் பயிர் சமாளிக்க வேண்டும், அவ்வளவுதான். பூக்கும் நேரத்தில் காய்ந்தால் சேதம் மிக அதிகம், கதிர் பதராகிவிடும். அதனால் சில இரகங்கள் சீக்கிரம் விளைந்து தப்பிக்கின்றன. பரமக்குடி ஆய்வு நிலையத்திலிருந்து 2009இல் வந்த அண்ணா (ஆர்) 4 நெல்லின் வயது 100 முதல் 105 நாள்தான். (நம் நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியின் திருச்சி 1 களர் நிலத்துக்கான இரகம். பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.)

இன்னொரு வழி, ஆழமான வேர். ஐ.ஆர். 64 நெல்லின் வேர் பக்கவாட்டில் பரவும். பிலிப்பைன்ஸின் பழைய மேட்டுநில நெல் ஒன்றில் வேரைச் செங்குத்தாக இறக்கும் மரபணுவை ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டறிந்து, ஐ.ஆர். 64இல் சேர்த்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த நெல் வறட்சியிலும் கூடுதலாக விளைந்தது.

வேரின் கோணத்தை அவர்கள் அளந்த கருவி ஒரு சிறிய வலைக்கூடை. நம் வகுப்பிலும் செய்யலாம். கிண்ணம் போன்ற பிளாஸ்டிக் கூடையில் மண் நிரப்பி, நடுவில் ஒரே ஒரு முளைவிட்ட நெல்லை ஊன்றுங்கள். டீ வடிகட்டி உதவாது. அதன் கண்கள் பொடியானவை, வேர் வெளியே வராது. கூடையின் அடிப்பாகம் நனையும்படி தண்ணீர்த் தொட்டியில் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். கூடையின் பாதி உயரத்தில் ஒரு நூல் கட்டுங்கள். மூன்று வாரம் கழித்து நூலுக்கு மேலே எத்தனை வேர், கீழே எத்தனை வேர் என்று எண்ணினால் போதும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் எண்ணிவிடுவார்கள். வீட்டில் இருக்கும் விதைநெல்லை அவரவர் கொண்டுவரட்டும். ஒவ்வோர் இரகத்துக்கும் ஐந்து கூடையாவது வேண்டும். ஒரு கூடையை வைத்து இரகத்தைத் தீர்மானிக்கக் கூடாது.

எண்ணி முடித்ததும், "அப்போ ஆழ வேர் உள்ள நெல்லையே எல்லாரும் போடலாமே" என்பார்கள். அங்கேதான் நல்ல விவாதம் வரும். நம் பக்கத்து வயல்களில் ஆண்டாண்டாகச் சேற்றுழவு செய்வதால் அடிமண் இறுகிக் கிடக்கிறது. வேர் அதைத் துளைப்பது கடினம். இராமநாதபுரத்தில் புழுதியில் விதைக்கிறார்கள். ஆக, ஒரு விதை இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. தங்கள் வயலில் எத்தனை அங்குலத்தில் மண் இறுகுகிறது என்று ஒரு கம்பியைக் குத்திப் பார்த்துவரச் சொன்னேன். அந்த அளவுகளை வேர்க் கணக்குக்குப் பக்கத்திலேயே கரும்பலகையில் எழுதிவைத்திருக்கிறோம்.