சிறு தொகையில் ஒரு தொலைக்காட்சி

இந்தியாவில் தொலைக்காட்சி முதன்முதலில் தோன்றிய ஊர், நாம் படிக்க வந்திருக்கும் இந்தத் தில்லி மாநகரமே. 1959 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் இங்கே சோதனை முறையில் ஒளிபரப்புத் தொடங்கிற்று. நாள்தோறும் நிகழ்ச்சி என்னும் நிலை 1965 இல் வந்தது. சென்னைக்கு அது போய்ச் சேர 1975 ஆயிற்று. அந்நாளில் தொலைக்காட்சிப் பெட்டி பலர் கூடி ஒருங்கே பார்க்கும் பொதுப்பொருளாகவோ, செல்வர் வீட்டுப் பொருளாகவோ இருந்தது. இன்றோ ஓர் அறையில் தங்கியிருக்கும் மூன்று மாணவர் ஆளுக்குச் சில ஆயிரம் ஒதுக்கினால், 32 அங்குல ஸ்மார்ட் டி.வி. ஒன்று வீடு வந்து சேர்ந்துவிடுகிறது.

ஆண்டுதோறும் நம் சங்கத்தில் புதிதாகச் சேரும் தம்பியரும் தங்கையரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அண்ணா, அறைக்கு ஒரு டி.வி. வாங்கலாம் என்றிருக்கிறோம். பத்தாயிரத்தை ஒட்டி எது நல்லது?” என்பார்கள். ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் இன்று கடையிலுள்ள வகை அடுத்த ஆண்டு இராது. ஆராயும் முறை மட்டுமே நிலைத்து உதவும். ஆதலின் அம்முறையை இங்கே கூற முயல்கிறேன்.

ஒரு பெட்டிக்குள் இரு பொருள்

முதலில் என் தவறிலிருந்தே தொடங்குகிறேன். 2022 இல் நாங்கள் மூவர் சேர்ந்து 32 அங்குலத் தொலைக்காட்சி ஒன்று வாங்கினோம். ஆளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் விழுந்தது. என் பங்கிற்காக அந்த மாதம் வாங்கவேண்டிய இரண்டு நூல்களைத் தள்ளிப்போட்டேன். எப்படித் தேர்ந்தோம் என்று கேட்கிறீர்களா? அட்டைப் பெட்டியின் மேல் எத்தனை செயலிகளின் பெயர் அச்சிட்டிருக்கிறது என்று எண்ணித் தேர்ந்தோம்!

முதலாண்டு இன்பமாகக் கழிந்தது. இரண்டாம் ஆண்டில், ரிமோட்டை அழுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்து வருமளவும் அது யோசித்துக்கொண்டிருந்தது. பிறகு ‘இடம் போதவில்லை’ என்று அறிவித்தது. மூன்றாம் ஆண்டில் நாங்கள் மிகுதியும் பார்த்துவந்த செயலி திறக்கவே மறுத்தது. ஆனால் திரையில் ஒரு புள்ளியேனும் பழுதாகவில்லை. மடிக்கணினியைக் கம்பியால் இணைத்தோம். படம் முதல் நாள் போலவே தெளிவாகத் தெரிந்தது.

அன்றுதான் உண்மை விளங்கிற்று. நாம் வாங்குவது ஒரு பொருள் அன்று, இரண்டு பொருள். ஒன்று, படத்தைக் காட்டும் திரை. மற்றொன்று, அதனுள் அடங்கிய சிறு கணினி. திரை பல்லாண்டு உழைக்கும். கணினியோ சில ஆண்டுகளிலேயே முதுமை அடைந்துவிடும். முதுமை அடைந்த கணினிக்கு வெளியிலிருந்து மாற்று வைக்கலாம். திரைக்கு வைக்க இயலாது. எனவே சிறு தொகை உடையவர் எதை விட்டுக்கொடுத்தாலும் திரையை விட்டுக்கொடுத்தல் ஆகாது. இக்கட்டுரையின் முடிவு இதுவே. இனி இதற்குரிய காரணங்களைக் காண்போம்.

திரையும் தொலைவும்

32 அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. அகலம் ஏறத்தாழ 71 சென்டிமீட்டர். உயரம் 40 சென்டிமீட்டர். இவ்வளவில் இருவகைத் திரைகள் விற்கின்றன. ‘எச்.டி. ரெடி’ என்பதில் 1366 × 768 வீதம் 10,49,088 படப்புள்ளிகள் உள்ளன. ‘ஃபுல் எச்.டி.’ என்பதில் 1920 × 1080 வீதம் 20,73,600 புள்ளிகள். புள்ளிகள் இரு மடங்கு. விலையும் சற்றுக் கூடுதல். அந்தக் கூடுதல் தொகை நமக்குத் தேவையா?

இதற்கு விடை திரையில் இல்லை. நம் கண்ணிலும் அறையிலும் இருக்கிறது. நல்ல கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுண்மையைப் பிரித்தறியும். எச்.டி. ரெடித் திரையில் ஒரு புள்ளியின் உயரம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால், சுமார் ஆறடிக்கு அப்பால் அமர்ந்தவர்க்குப் புள்ளிகள் தனித்தனியே தெரியா. ஃபுல் எச்.டி.யில் இந்த எல்லை நாலடியாகக் குறைகிறது. கட்டிலில் சாய்ந்து எதிர்ச்சுவரிலுள்ள திரையைக் காண்பவருக்கு இடைவெளி ஆறேழடி இருக்கும். அவர் படம் பார்க்க மட்டுமே வாங்குகிறார் என்றால் எச்.டி. ரெடியே போதும்.

மேசைமேல் வைத்து, மூன்றடித் தொலைவில் அமர்ந்து, மடிக்கணினியின் திரையாகவும் அதைப் பயன்படுத்த எண்ணினால் நிலைமை வேறு. நம் எழுத்து சுழியும் வளைவும் நிறைந்தது. புள்ளி குறைந்த திரையில் சிறிய எழுத்தைக் காணுங்கள். ‘கி’யின் மேல்விலங்கும் ‘கீ’யின் சுழியும் ஒன்றுபோல் தோன்றும், ணகரமும் னகரமும் மயங்கும். மின்னூல் படிப்போர் ஃபுல் எச்.டி.க்குக் கொடுக்கும் கூடுதல் தொகை வீண் அன்று.

திரையில் இன்னொன்றும் பார்க்கவேண்டும். ‘ஐ.பி.எஸ்.’ வகைத் திரையில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. ‘வி.ஏ.’ வகையில் கருமை ஆழ்ந்திருக்கும்; ஆனால் ஓரத்தில் அமர்ந்தவனுக்கு முகங்கள் வெளுத்துத் தெரியும். விளக்கணைத்துத் தனியே படம் பார்ப்பவருக்கு வி.ஏ. நன்று. அறைக்குள் எட்டுப் பேர் நெருங்கி அமர்ந்து கிரிக்கெட் பார்ப்பதானால் ஐ.பி.எஸ். நன்று. ‘எச்.டி.ஆர்.’ என்னும் முத்திரையைக் கண்டு மட்டும் மயங்கவேண்டா. அதன் சிறப்பைக் காட்டப் பேரொளி வேண்டும். மலிவுத் திரையின் பின்விளக்குக்கு அத்தகைய ஆற்றல் கிடையாது.

ஓசைக் குறை

திரை மெலிய மெலிய, ஒலிபெருக்கிக்கு உள்ளே இடமில்லாமல் போயிற்று. சிறு ஒலிபெருக்கிகள் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ ஒலிக்கின்றன. 20 வாட், 30 வாட் என்னும் எண் ஓசையின் இனிமையைக் குறிப்பதில்லை. தமிழ்ப் படத்தில் பின்னணி இசைக்கு அடியில் உரையாடல் அமிழ்ந்துபோவதை நீங்களே கேட்டிருப்பீர்கள். இக்குறை எல்லா மலிவுப் பெட்டிகளிலும் உண்டு. ஆயினும் இது தீர்க்கக்கூடிய குறை. பழைய ஒலிபெருக்கி ஒன்றை இணைக்கலாம். அதற்கு வாய் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குக. ஹெட்ஃபோன் மாட்டும் சிறு துளை இருப்பின் பெரிதும் நன்று. மறுநாள் தேர்வு எழுதும் அறைத் தோழன் உங்களை வாழ்த்துவான்.

மூளையின் ஆயுள்

மலிவு வகைகளில் பல 1 ஜி.பி. செயல் நினைவகமும் 8 ஜி.பி. சேமிப்பிடமும் கொண்டவை. அந்த எட்டில் பெரும்பகுதியை இயக்க மென்பொருளே எடுத்துக்கொள்ளும். செயலிகளோ ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பருத்து வருவன. பெட்டிக்குள் நினைவகத்தைக் கூட்ட வழியில்லை. இந்த முதுமை மலிவுப் பெட்டிக்கு மட்டும் உரியதன்று. 2010, 2011 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த சில சாம்சங் தொலைக்காட்சிகளில் 2019 டிசம்பர் முதல் நெட்ஃபிளிக்ஸ் இயங்காமல் நின்றது. விலை மிகுந்த பெட்டிக்கே அந்நிலை என்றால், மலிவுப் பெட்டியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும் அஞ்சவேண்டுவதில்லை. எச்.டி.எம்.ஐ. வாயில் செருகும் விரலளவுக் கருவி ஒன்று, பழைய திரைக்குப் புது மூளையாகிவிடும். மடிக்கணினியும் கம்பியும் இருந்தால் அக்கருவியும் வேண்டா. எனவே எச்.டி.எம்.ஐ. வாய்கள் இரண்டேனும் இருத்தல் இன்றியமையாதது. அரை ஜி.பி. நினைவகம் கூடுதல் என்பதற்காக ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுப்பதைவிட, நல்ல திரைக்கு அதைக் கொடுப்பது அறிவுடைமை.

வளாகத்தின் வலை

விடுதி மாணவர் பலர் வாங்கிய பின்னரே அறியும் இடர் ஒன்றுண்டு. பல்கலைக்கழக வைஃபை, வீட்டு வைஃபை போன்றதன்று. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். சில இடங்களில் தனிப் பக்கம் திறந்து உள்நுழையச் சொல்லும். மலிவுத் தொலைக்காட்சிகள் பலவற்றால் இவ்வாயிலைக் கடக்க முடிவதில்லை. மேலும், அவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறிந்தவை. நூறு கருவிகள் நெருக்கும் விடுதியில் அவ்வலைவரிசை சந்தைக்கடைபோல் இரைச்சல் மிகுந்தது.

கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாமே எனச் சிலர் கூறுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். எச்.டி. படத்திற்கு நொடிக்கு 3 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். அவ்வேகம் முழுதும் செலவானால் மணிக்கு 1.35 ஜி.பி. ஆகும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்திற்கு ஏறத்தாழ 3.4 ஜி.பி. நாளொன்றுக்கு 2 ஜி.பி. என்று திட்டம் வைத்திருப்பவர் இடைவேளையைத் தாண்டிச் சிறிது நேரத்திலேயே நின்றுவிடுவார், உச்சக்காட்சியைக் காணமாட்டார்! ஆதலின், வாங்குமுன் உங்கள் வளாக வலை தொலைக்காட்சிக்கு இடம் தருமா என்று விடுதி அலுவலகத்தில் கேட்டறிக. வாடகை வீட்டில் இருப்போர்க்கு வேறொரு வழியும் உண்டு. மாடியில் சிறு குடை வைக்க வீட்டுக்காரர் இசைந்தால், மாதச் சந்தா இல்லாத டி.டி. ஃப்ரீ டிஷ் மூலம் டி.டி. தமிழ் காணலாம், இணையமே வேண்டா.

மறைந்திருக்கும் விலை

மின்செலவு அஞ்சத்தக்கதன்று. 50 வாட் அளவுள்ள திரை நாளுக்கு நான்கு மணி நேரம் எரிந்தால் மாதம் 6 யூனிட் ஆகும். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வீட்டுக்காரர் வாங்கினாலும் அறுபது ரூபாய்தான். மூவர்க்குப் பகிர்ந்தால் ஆளுக்கு இருபது.

அஞ்சவேண்டிய விலை வேறு. முகப்புத் திரையில் விளம்பரம் காட்டியும், நாம் காண்பவற்றைக் குறித்துக்கொண்டும் பொருள் ஈட்டுவது இத்தொழிலில் வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் விசியோ என்னும் நிறுவனம், இசைவு பெறாமல் 1 கோடியே 10 லட்சம் தொலைக்காட்சிகளிலிருந்து அவற்றில் ஓடிய காட்சிகளைப் பற்றிய தகவலைத் திரட்டியது என்ற வழக்கைத் தீர்த்துக்கொள்ள, 2017 இல் 22 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. நம் நாட்டிலும் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புக்கு 2023 இல் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் நம் காவல் நம் கையிலும் இருக்கவேண்டும். பெட்டியை முதன்முதலில் இயக்கும்போது ‘ஒப்புகிறேன்’ என்பதைக் கண்மூடி அழுத்தாதீர்கள். அமைப்புப் பகுதிக்குள் சென்று, பார்ப்பதைக் குறிக்கும் வசதியையும் விளம்பர அடையாளத்தையும் அணைத்துவிடுங்கள்.

பெரிதாக வாங்கினால் என்ன?

32 அங்குலம் வரை 18 விழுக்காடு வரி, அதற்கு மேல் 28 விழுக்காடு என்னும் நிலை 2019 சனவரி முதல் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய திரைக்கும் 18 விழுக்காடே ஆயிற்று. வரிக்காகச் சிறியதை வாங்கவேண்டிய கட்டாயம் இன்று இல்லை. 43 அங்குலத் திரையின் பரப்பு 32 அங்குலத்தைப்போல் 1.8 மடங்கு. பொது அறைக்கு அது சிறந்ததே. ஆனால் மாணவன் ஆண்டுக்கு ஒருமுறை அறை மாறுபவன். படிப்பு முடிந்தால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இரயிலில் ஊர் திரும்புபவன். சிறிய திரையை ஒருவன் தூக்கிச் செல்லலாம். பெரியதைத் தூக்க இருவர் வேண்டும். உடைந்தால் உத்தரவாதமும் கைகொடாது. எதை வாங்கினாலும் அதன் அட்டைப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் காத்து வையுங்கள்.

கடையில் செய்யவேண்டுவன

1. தமிழ் எழுத்துள்ள படம் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுசென்று, உங்கள் அறையின் தொலைவில் நின்று படித்துப் பாருங்கள்.

2. பக்கவாட்டில் நகர்ந்து முகத்தின் நிறம் மாறுகிறதா என்று நோக்குங்கள்.

3. எச்.டி.எம்.ஐ. இரண்டு, யூ.எஸ்.பி. ஒன்று, ஹெட்ஃபோன் துளை ஒன்று என எண்ணிப் பாருங்கள்.

4. பழுது பார்க்கும் நிலையம் உங்கள் பகுதியில் உள்ளதா என்று கேளுங்கள்.

5. இணையத்தில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வெள்ளை, கறுப்பு, சிவப்பு நிறங்களைத் திரை முழுதும் நிரப்பிக் கோடும் புள்ளியும் உண்டா என்று ஆராயுங்கள்.

இறுதியாக ஒன்று. திரை நெடுநாள் வாழும், மூளை மாற்றத்தக்கது என்பது உண்மையானால், புதியதையே வாங்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆண்டுதோறும் மே மாதத்தில் ஊர் திரும்பும் அண்ணன்மாரும் அக்காமாரும் நல்ல திரைகளைப் பாதி விலைக்கும் குறைவாக விட்டுச் செல்கின்றனர். மேற்கூறிய சோதனைகளில் தேறினால் அவையே மாணவர்க்கு மிகச் சிறந்தவை. மிஞ்சிய பணத்தில், நான் தள்ளிப்போட்டதைப்போல் நீங்கள் நூல்களைத் தள்ளிப்போட வேண்டிவராது.

எங்கள் மூவரின் தொலைக்காட்சியும் வரும் மே மாதம் வேறோர் அறைக்குப் போகவிருக்கிறது. வாங்கவரும் தம்பியிடம் ஒளிக்காமல் சொல்லியே கொடுப்போம்: திரை நன்று, மூளை மந்தம், கம்பி இலவசம்.