உறுப்பினர் படியை நிர்ணயிப்பது யார்? இங்கிலாந்து கண்ட வழிகள்

பஞ்சாயத்து உறுப்பினர் இருவர் ஒரே கூட்டத்திற்கு வருகின்றனர். ஒருவர் நிலமும் ஆட்களும் உடையவர். அவர் கூட்டத்தில் இருக்கும் நேரத்திலும் அவருடைய வயலில் வேலை நடந்துகொண்டிருக்கும். மற்றவர் அன்றாடம் கூலிக்குச் செல்பவர். கூட்டத்தில் கழிந்த பகலுக்குரிய கூலி அவர் வீட்டிற்கு வருவதில்லை. இருவரும் ஒரே ஊரின் பிரதிநிதிகள். ஆயினும் பொதுப்பணிக்கான செலவைத் தம் அடுப்பிலிருந்து கொடுப்பவர் இரண்டாமவரே. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்து, பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர்க்கும் இடங்களை ஒதுக்கிற்று. அதன் பின்னர் இத்தகைய உறுப்பினர்கள் நம் பஞ்சாயத்துகளில் பெருகியுள்ளனர். ஆகவே, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு எவ்வளவு கொடுப்பது, அதனை யார் முடிவு செய்வது என்னும் கேள்விகள் நமக்கு வெறும் ஏட்டுக் கேள்விகள் அல்ல.

இக்கேள்விகளுக்குப் பலவகை விடைகளையும் சோதித்துப் பார்த்த நாடு இங்கிலாந்து. அவர்களுடைய சட்டம் வேறு, நம்முடைய சட்டம் வேறு என்பதை மறவாமல் அந்த அனுபவத்தை இங்கே ஆராய்வோம்.

இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டில் உள்ளாட்சி உறுப்பினர் பதவி ஊதியமற்ற கௌரவப் பணியாகவே இருந்தது. ஓய்வு உள்ளவர்களே அதனை ஏற்க முடிந்தது. 1894-ஆம் ஆண்டுச் சட்டம் சிற்றூர்களில் பாரிஷ் கவுன்சில்களை ஏற்படுத்திற்று. இவற்றை நம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ஒப்பிடலாம். சட்டம் இயற்றியவர்கள் உறுப்பினர்களுக்குப் பணம் கொடுக்க அப்போதும் முன்வரவில்லை. ஆயினும் செலவில்லாத ஓர் ஏற்பாட்டைச் செய்தனர். வாக்காளர் அனைவரும் கூடும் பாரிஷ் ஊர்க்கூட்டம், அதாவது நம் கிராம சபையைப் போன்ற கூட்டம், மாலை 6 மணிக்கு முன்னர் தொடங்கலாகாது என்று விதித்தனர். வயலில் பகலெல்லாம் உழைத்தவனும் கூலியை இழக்காமல் வந்து அமர இதனால் வழி பிறந்தது. வேறு தகுந்த இடம் இலவசமாகவோ நியாயமான வாடகைக்கோ கிடைக்குமாயின் மதுக்கடையில் கூட்டம் நடத்தலாகாது என்பதும் அச்சட்டத்தில் உண்டு. அந்நாளைய ஆங்கிலக் கிராமங்களில் விசாலமான அறை பெரும்பாலும் எங்கே இருந்தது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்! மாலை 6 மணி விதி பின்னர் வந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்றது.

பணம் கொடுக்கும் முறை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு முழுவதற்கும் உரிய ஏற்பாடாயிற்று. பயணச் செலவும் உணவுச் செலவும் தவிர, உறுப்பினர் தம் கடமையின் பொருட்டு இழந்த வருவாய்க்கு ஈடாக ஒரு படி அளிக்கப்பட்டது. இது நியாயமானதே. ஆனால் இழப்பைக் காட்டக்கூடியவர்க்கே அது பயன்படும். ஆலைத் தொழிலாளிக்கு முதலாளியின் சம்பளக் கணக்கு சான்றாகும். வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் பெண் தாம் இழந்ததை எந்தக் கணக்கைக் கொண்டு காட்டுவார்?

பின்னர் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியில் சென்றது. 1974 முதல், கூட்டத்திற்கு வந்தால் இவ்வளவு என வருகைப் படி வழங்கப்பட்டது. கணக்கிடுவதற்கு இது மிக எளிது. நம் நாட்டில் அமர்வுப் படி என வழங்குவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால் இம்முறைக்குள் ஒரு குறை மறைந்திருக்கிறது. ஒரு கூட்டத்தில் முடியும் காரியத்தை இரு கூட்டங்களாக நீட்டினால் படி இரட்டிக்கும். அன்றியும், இரவில் குடிநீர்க் குழாய் உடைந்தது என்று கதவைத் தட்டுபவருடன் சென்று பார்த்து வருவதற்குப் படி இல்லை. மறுநாள் அதைப் பற்றிக் கூட்டத்தில் பேசுவதற்கு உண்டு. நம் அனுபவத்தில் உறுப்பினரின் வேலையில் பெரும்பகுதி கூட்ட அறைக்கு வெளியே நடப்பதாகும். வேலை ஓரிடத்திலும் படி வேறிடத்திலும் இருக்குமாயின், அக்கறையுள்ளவர் நஷ்டப்படுவார்.

இங்கிலாந்து உள்ளாட்சியை ஆராய்ந்த விட்டிகோம்ப் குழு 1986-ஆம் ஆண்டில் அனைவர்க்கும் சமமான நிலைப் படியே தக்கது எனச் சிபாரிசு செய்தது. 1989-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடமளித்தது. இறுதியில் 2003-ஆம் ஆண்டு விதிகளில் வருகைப் படி இடம்பெறவில்லை. ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரே அளவான அடிப்படைப் படி. தலைவர் முதலிய பொறுப்புடையோர்க்கு மட்டும் சிறப்புப் பொறுப்புப் படி. ஒரு கட்சியே பெரும்பான்மையாக உள்ள கவுன்சிலில், சிறப்புப் படி வழங்கும்போது அக்கட்சியைச் சேராதவர் ஒருவருக்கேனும் அது கிடைக்க வேண்டும். குழந்தைகளையோ முதியோரையோ பார்த்துக்கொள்ள ஆள் அமர்த்தும் செலவுக்கும் ஒரு படி வழங்க விதிகள் இடம் தருகின்றன. முன்னர் நாம் குறிப்பிட்ட பெண்ணின் கேள்விக்கு இவ்வாறு காலங்கடந்து ஒரு விடை கிடைத்தது.

தொகையை நிர்ணயிப்பதே இவற்றுள் கடினமானது. தம் படியைத் தாமே கூட்டிக்கொள்ளும் உறுப்பினரை ஊரார் நம்புவதில்லை. அந்த அவநம்பிக்கைக்கு அஞ்சிப் படியே வேண்டாம் என்று விட்டுவிட்டால் ஏழை உறுப்பினர் விலகிப் போவார். இச்சிக்கலுக்காகவே சுயேச்சைக் குழு ஒன்று ஏற்பட்டது. அதில் குறைந்தது மூவர் இருக்க வேண்டும். எவரும் கவுன்சில் உறுப்பினராக இருத்தல் கூடாது. குழுவின் சிபாரிசைக் கருத்தில் கொண்ட பின்னரே கவுன்சில் படித் திட்டத்தை நிறைவேற்றலாம். சிபாரிசு என்ன என்பது செய்தித்தாளில் வெளியிடப்பட வேண்டும். ஒவ்வோர் உறுப்பினரும் ஆண்டில் பெற்ற மொத்தத் தொகையும் அவ்வாறே வெளியிடப்பட வேண்டும். விலைவாசிக்கேற்பப் படி ஆண்டுதோறும் தானே உயருமாறு ஏற்பாடு செய்யலாம். ஆயினும் 4 ஆண்டுகளுக்கு மேல் அந்த ஏற்பாட்டை மட்டும் நம்பியிராமல் மீண்டும் குழுவிடம் செல்ல வேண்டும்.

குழுக்கள் பல கணக்கிடும் முறை எளியது. உறுப்பினர் வாரத்திற்கு எத்தனை மணி நேரம் உழைக்கிறார் என்று முதலில் விசாரிக்கின்றனர். அதில் ஒரு பகுதியை ஊருக்குச் செய்யும் சேவையாகக் கழித்துவிடுகின்றனர். எஞ்சிய நேரத்தை அவ்வட்டாரத்துக் கூலி விகிதத்தால் பெருக்குகின்றனர். கணக்கு விளங்குவதற்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். வாரத்திற்கு 15 மணி நேரம். மூன்றில் ஒரு பங்கு சேவை. எஞ்சியது 10 மணி நேரம். மணிக்கு 12 பவுன் எனின், 52 வாரங்களுக்கு 6,240 பவுன் ஆகும். இதில் கூட்டியோ குறைத்தோ பேசலாம். ஆனால் எந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்பது ஊராருக்குத் தெரியும்.

இம்முறையிலும் ஓட்டை உண்டு. குழுவை நியமிப்பது கவுன்சிலே. சிபாரிசு கவுன்சிலைக் கட்டுப்படுத்துவதும் இல்லை, ஏற்காமலும் விடலாம். அண்டையிலுள்ள வேல்ஸ் பகுதி இதைவிடக் கண்டிப்பானது. அங்கே 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சுயேச்சைக் குழு தொகையைத் தீர்மானித்தால் கவுன்சில்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அப்பொறுப்பு 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் வேறோர் ஆணையத்திற்கு மாற்றப்பட்டது. இரண்டில் வேல்ஸ் முறையே மேல் என்பது நம் அபிப்பிராயம். பெறுபவர் கையிலிருந்து தீர்ப்பு முற்றிலும் விலகிவிடுகிறது அன்றோ?

பாரிஷ் கவுன்சில்கள் படி கொடுத்தே தீரவேண்டும் என்பதில்லை. கொடுப்பதாயின் தலைவருக்கு மட்டும் கொடுக்கலாம். தேர்தலில் வென்ற உறுப்பினர் அனைவர்க்கும் கொடுக்கலாம். தேர்தலின்றி நியமனமாக வந்தவருக்கு இந்த அடிப்படைப் படி இல்லை.

நம் மாநிலத்தில் மதிப்பூதியமும் அமர்வுப் படியும் அரசின் ஆணையால் அமைவன. பஞ்சாயத்து தன் தீர்மானத்தால் அவற்றைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. ஆயினும், யார் எவ்வளவு பெற்றனர் என்று ஆண்டுக்கொருமுறை கிராம சபையில் படித்துக் காட்டுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. அவ்வாறே, பஞ்சாயத்துக் கூட்டத்தின் நேரத்தைப் பற்றியும் உறுப்பினர்கள் யோசிக்கலாம். நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் காலை 11 மணிக்குக் கூட்டம் என்றால், கூலிக்குச் செல்லும் உறுப்பினர் ஒருநாள் வேலையை விட வேண்டும். மாலையில் கூடுவதாயின், தொலைவான குக்கிராமத்திலிருந்து வரும் பெண் உறுப்பினர் இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டுமே என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த நேரம் யாருக்கு இயலும் என்று முதற் கூட்டத்திலேயே ஒவ்வொருவரையும் கேட்டுப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாம்.